பேய்க்கு எல்லாம் தெரியும் என்றால் என் கதாநாயகி எதைத்தான் கண்டுபிடிப்பாள்?

தென்சிறகு கேட்டது:

வணக்கம். மூன்று வருடமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பதினொரு அத்தியாயம் முடிந்து பன்னிரண்டாவதில் நின்றுவிட்டது, நாலு மாதமாக ஒரு வரி நகரவில்லை. சரித்திரக் கதை எழுதுகிறவர்களும் கல்வெட்டு வாசிக்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை நடப்பது 1014, தஞ்சாவூர். பெரிய கோயிலுக்குக் கலசம் ஏறி நாலு வருடம். ராஜராஜன் காலமாகிற வருடம் அது. கதாநாயகி தளிச்சேரிப் பெண், அதாவது கோயிலில் ஆடுகிற பெண்களின் குடியிருப்பில் இருப்பவள், பத்தொன்பது வயது, திருவையாற்றிலிருந்து ஆடலுக்காகக் கொண்டுவரப்பட்டவள். அடுத்த வீட்டில் அவளைவிடப் பத்து வயது மூத்தவள் ஒருத்தி, ஊர் புதிது என்று அழுதுகொண்டிருந்தவளுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டவள், ஒரு விடியற்காலையில் குளத்தில் பிணமாக மிதக்கிறாள். படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் ராத்திரி, செத்தவள் என் கதாநாயகியின் வாசலில் வந்து உட்கார்கிறாள்.

அதுவரை எழுதும்போது கை நிற்கவே இல்லை. அதற்கப்புறம்தான் சிக்கல். தன்னைக் கொன்றது யார் என்று செத்தவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தால் வந்த முதல் ராத்திரியே பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாமே. சொல்லாமல் இழுத்தடித்தால் வாசகருக்குக் கோபம் வரும், எனக்கே வருகிறது. பின்னாலிருந்து தள்ளினார்கள், முகத்தைப் பார்க்கவில்லை என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தேன், நொண்டிச் சாக்காக இருந்தது, கிழித்துவிட்டேன். பேயை எடுத்துவிட்டு வெறும் துப்பறியும் கதையாக வைத்துக்கொள் என்கிறாள் தங்கை. எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கதை எனக்குத் தோன்றியதே, அவள் ஈரத்துணியோடு அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிற காட்சியிலிருந்துதான்.

இரண்டாவது, கதாநாயகியின் பேச்சு. எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர் படித்துவிட்டு, இந்தப் பெண் ஆயிரம் வருடத்துக்கு முந்தையவளாகத் தெரியவில்லை, இன்றைக்குக் கல்லூரியில் படித்துவிட்டு அந்தக் காலத்துக்குப் போய்வந்தவள் போலப் பேசுகிறாள் என்றார். அது உண்மை. ஆனால் அவளை அடக்கி ஒடுக்கி எழுதினால் விசாரிக்கவே வழி இல்லாமல் போய்விடுகிறது. ஒரு பெண் அந்தக் காலத்தில் எங்கெல்லாம் போகலாம், யாரிடமெல்லாம் கேள்வி கேட்கலாம்?

மூன்றாவது, கல்வெட்டுச் செய்தி எவ்வளவு போடுவது. குறிப்பு நோட்டு நாலு நிரம்பியிருக்கிறது. எல்லாவற்றையும் போட்டால் கதை மூழ்கிவிடுகிறது, எடுத்தால் எந்தக் காலத்திலும் நடக்கிற கதையாகிவிடுகிறது.

கல்லெழுத்து பதில்:

நீங்கள் வைத்துக்கொண்டிருக்கிற பெயரைப் பார்த்தாலே தளிச்சேரிப் பட்டியலைப் படித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜராஜன் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து நானூறு ஆடல் பெண்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடியேற்றினான். தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி, ஒவ்வொன்றுக்கும் தென்சிறகு, வடசிறகு என்று வீதிக்கு வீதி, வீட்டுக்கு வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாப் பெயருக்கும் முன்னால் நக்கன் என்று வரும், சிவன் பெயர் அது. ஒரே பெயர் திரும்பத் திரும்பவும் வரும். ஆளைப் பிரித்துச் சொல்ல ஊரும் வீட்டு வரிசையும்தான் துணை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. கொலையோடு ஒட்டாத செய்தி எதுவும் வேண்டாம், ஒட்டுகிற செய்தி எதையும் விடாதீர்கள். உதாரணத்துக்கு அந்தப் பட்டியலோடு சேர்ந்து வருகிற விதி ஒன்று. ஒருத்திக்கு ஒரு பங்கு, அதாவது ஒரு வீடும் வருடத்துக்கு நூறு கலம் நெல்லும். அவள் செத்தாலோ வேறு தேசம் போய்விட்டாலோ, அடுத்த முறை உரிமை உள்ளவர் அந்தக் காணியை, அதாவது அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு அவள் பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதி உள்ளவரை வைத்துச் செய்விக்க வேண்டும். இதை அந்தக் காலத்து நிர்வாகம் எவ்வளவு அழகாக இருந்தது பாருங்கள் என்று வியந்துவிட்டுப் போய்விடுகிறோம். கொலைக் கதை எழுதுகிறவர் அதைப் படிக்க வேண்டிய விதமே வேறு. உங்கள் செத்த பெண் குளத்தில் மிதந்த அன்றைக்கே நூறு கலம் நெல்லும் ஒரு வீடும் கைமாறத் தயாராக நிற்கின்றன. அடுத்த முறை உரிமை யாருக்கு? அவளுக்கு ஆடத் தெரியுமா? தெரியாது என்றால் தகுதி உள்ள ஆள் என்று யாரை யார் கொண்டுவந்து நிறுத்துவார்கள்? கொலைக்கான காரணம் சுவரிலேயே எழுதியிருக்கிறது.

இன்னொன்று விளக்கு. அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடுப்பார்கள். சாவா மூவாப் பேராடு என்று எழுதுவார்கள். செத்ததற்கும் கிழடானதற்கும் குட்டிகள் ஈடுகட்டி, கணக்கு அப்படியே நிற்கும் என்பதால். அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், அதாவது கால் நாழி. இதை வெறும் தகவலாகப் போட்டால் வாசகர் தாண்டிப் போவார். ஆனால் அந்த ராத்திரி ஒரு விளக்கு அணைந்திருந்தது என்று வையுங்கள். தினமும் அந்த வெளிச்சத்தில் ஆடுகிற பெண் உங்கள் கதாநாயகி. காலையில் அகலில் நெய் எவ்வளவு உயரத்துக்கு உறைந்து நிற்கிறது என்று பார்த்தாலே எந்த யாமத்தில் அணைந்தது என்று சொல்லிவிடுவாள். பாதி நெய் மீதி இருக்கிறது, திரியில் கரி கட்டாமல் நசுக்கின அடையாளம் இருக்கிறது, அப்படியானால் தானாக அணையவில்லை. இதைக் கண்டுபிடிக்க அவள் எங்கேயும் போக வேண்டாம், யாரையும் எதிர்த்துப் பேசவும் வேண்டாம்.

விளக்கிலேயே இன்னொரு கதையும் உண்டு. கைப்பிழையாக ஒருவனைக் கொன்றுவிட்டவனுக்கு உயிர்த்தண்டனை கொடுக்காமல், செத்தவனுக்காகக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்ன கல்வெட்டுகள் பல இருக்கின்றன. அப்படியென்றால் கோயிலில் எரிகிற ஏதோ ஒரு விளக்குக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. பேய்க் கதை எழுதுகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கவனிக்க வேண்டியதில் சில. இன்றைக்குப் பார்க்கிற பெரிய நந்தி நாயக்கர் காலத்தது, அதன் பின்னால் யாரையும் ஒளிய வைக்காதீர்கள். அம்மன் சந்நிதியும் பிற்காலம்தான். மிளகாய் கிடையாது, மிளகுதான். நிமிடம் கிடையாது, நாழிகை. திருவையாற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் நடுவில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. வெள்ளக் காலத்தில் அவள் அம்மாவைப் பார்க்கப் போய்விட முடியாது. அந்தத் தவிப்பை விட்டுவிடாதீர்கள்.

விமானத்தின் மேல்தளத்துச் சுற்றில் இருக்கிற கரணச் சிற்பங்களை, அதாவது நடன நிலைகளைக் காட்டுகிற சிற்பங்களை, நீங்கள் சொல்லவே இல்லையே? 108 கரணத்தில் 81தான் செதுக்கியிருக்கிறது. மிச்சம் 27 இடம் வெறும் கல்லாக நிற்கிறது. ஏன் நின்றுபோனது என்பதற்குக் கல்வெட்டில் பதில் இல்லை. ஆடல் தெரிந்த ஒரு பெண் அந்த வெற்றுக் கல்லுக்கு முன்னால் விளக்கோடு நின்றால் என்ன தோன்றும் அவளுக்கு?

பொருநைக்கரை பதில்:

பேயைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அது எங்கள் ஊர் விஷயம்.

உங்கள் சிக்கலுக்குக் காரணம், நீங்கள் பேயைச் சாட்சியாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கூண்டில் ஏற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கிப்போகும் என்று. நம் ஊர்ப் பேய் அப்படி இருந்ததே இல்லை. எனக்கு ஒன்பது வயதில் எங்கள் தெருவில் கல்யாணமாகி வந்த ஒரு அக்காளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். நான் ஆச்சியின் முந்தானைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உடுக்கை அடித்துக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி, நீ யாரு, எந்த ஊரு. அந்த அக்கா தலையை விரித்துப் போட்டு ஆடினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு பெயர் சொன்னாள். கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், பொய், அந்தப் பெயரில் இந்த ஊரில் யாரும் சாகவில்லை என்றார்கள். மறுபடி உடுக்கை. இன்னொரு பெயர். அதுவும் பொய். மூன்றாவது வெள்ளிக்கிழமைதான் உண்மையான பெயர் வந்தது. அதற்கப்புறமும் எப்படிச் செத்தாய் என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. எனக்கு என்ன வேணும்னு ஏன் யாருமே கேக்கல என்று ஒரு அழுகை வந்தது. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

நம் பேய் எதையோ வேண்டித்தான் வரும். சோறு வேண்டும், சேலை வேண்டும், பிள்ளையைப் பார்க்க வேண்டும், பழி வாங்க வேண்டும். தகவல் சொல்வதற்காக அது வருவதில்லை. வேண்டியதை வாங்கப் பொய்யும் சொல்லும். பழையனூர் நீலியை நினைத்துப் பாருங்கள். கள்ளிக் கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ச் சபையில் அழுதாள். எழுபது வேளாளரும் நம்பி அவனை அவளோடு அனுப்பிவைத்தார்கள். அவன் செத்த பிறகு சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். பேய் சொன்ன சாட்சியத்தை நம்பினதால் வந்த வினை. ஆனால் அவளை முற்பிறவியில் கொன்றவன் அவன் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. அதை மறந்துவிட்டு நீலிக் கண்ணீர் என்றால் பொய்க் கண்ணீர் என்று மட்டும் பேச்சில் வைத்துக்கொண்டோம். கொலையுண்ட பெண்ணின் அழுகைக்கு நம் மொழி கொடுத்த பெயர் அது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. நீங்கள் எழுதுகிற கதை அந்த இடத்தைத் தொட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, உங்கள் செத்தவளுக்கு வருவோம். கல்லெழுத்து சொன்ன விதியை இதோடு சேர்த்துப் பாருங்கள். அவளுக்கு ஒரு தங்கையோ மகளோ இருந்து, அந்த வீடும் நெல்லும் அவளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் செத்தவளின் ஒரே கவலையாக இருந்தால்? கொன்றவர் பெயரைச் சொன்னால் அந்தக் காணி கைநழுவிப் போய்விடும் என்றால்? அப்போது அவள் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் அவள் மனசிலேயே இருக்கிறது. எழுத்தாளர் பூட்டின பூட்டு என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவேளை வேண்டுமென்றே வேறொருத்தர் பெயரைச் சொல்லி உங்கள் கதாநாயகியைத் தவறான வழியில் அனுப்பவும் கூடும். தனக்குச் சோறு போட்ட அக்கா தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவருகிற அத்தியாயம்தான் உங்கள் நாவலின் முதுகெலும்பு என்று எனக்குப் படுகிறது.

சுவடிப்பெட்டி பதில்:

இரண்டு பேரும் நல்லதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது கதாநாயகியைப் பற்றி.

இன்றைக்குச் சரித்திரக் கதையில் பெண்ணைத் துப்பறிய வைக்கிறவர்கள் முதலில் செய்கிற வேலை, அவள் கையில் வாளைக் கொடுத்துக் குதிரையில் ஏற்றுவது. ஆண் செய்வதை அவளும் செய்வாள் என்று காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் உங்கள் வட்டத்து நண்பருக்கு அவள் இன்றைக்குப் பிறந்தவள் போலத் தெரிகிறாள். நம் இலக்கியத்தில் துப்புத் துலக்குகிற பெண் ரொம்பக் காலமாக இருக்கிறாள், அவள் பெயர் தோழி.

சங்கப் பாட்டின் வெறியாட்டுக் காட்சியை ஒரு குற்ற விசாரணையாகப் படித்துப் பாருங்கள். தலைவி மெலிந்து போகிறாள், வளை கழல்கிறது. அம்மா பதறுகிறாள். குறி சொல்கிற கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்த்து முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்துவிட்டான் என்கிறாள். முருகன் பூசாரியான வேலன் வருகிறான், களம் இழைக்கிறான், ஆட்டுக்குட்டியை அறுக்கிறான். ஊர் மொத்தமும் தெய்வக் குற்றம் என்று நம்பி நிற்கிற நேரத்தில் அங்கே உண்மை தெரிந்தவர்கள் தலைவியும் தோழியும் மட்டும்தான். தோழி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, எதை எப்போது யாரிடம் சொன்னால் எடுபடும் என்று காத்திருந்து, ஒரு நாள் செவிலியிடம் சொல்லிவிடுகிறாள். அதற்கு இலக்கணத்தில் பெயரே உண்டு, அறத்தொடு நிற்றல். உங்கள் கடைசி அத்தியாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. குற்றவாளியை நாலு பேர் நடுவில் நிறுத்திவைத்துப் பேருரை ஆற்ற வேண்டியதில்லை. சரியான ஆளிடம், சரியான நேரத்தில், மறைமுகமாக இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், அப்புறம் உண்மை தானாக மேலே போகும். இது அந்தக் காலத்துப் பெண்ணுக்கு நிஜமாகவே கையில் இருந்த வழி.

எங்கெல்லாம் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். எங்கே போக முடியாது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது. அவள் வழக்கமாக எங்கே இருப்பாள், அங்கே அவளை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று பாருங்கள். அர்த்தசாமத்தில் கோயிலுக்குள் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. நட்டுவரையும் உடுக்கை வாசிக்கிறவரையும் தெரியும். அதே கல்வெட்டில் கணக்கர், துணி வெளுக்கிற ஈரங்கொல்லி, தையற்காரர், நாவிதர், சோதிடம் பார்க்கிற பெருங்கணி எல்லாருக்கும் பங்கு எழுதியிருக்கிறதே. துணி வெளுக்கிற வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாத ரகசியம் ஊரில் உண்டா? யார் துணியில் குளத்துப் பாசி ஒட்டியிருந்தது என்று அவளைக் கேட்டால் போச்சு. நானூறு பேரும் வேறு வேறு ஊர்க் கோயில்களிலிருந்து வந்தவர்கள் என்பதையும் மறக்காதீர்கள். ஒருத்தியின் அத்தை திருவாரூரில், இன்னொருத்தியின் அக்கா பழையாறையில். அரசனின் ஒற்றர்களுக்கு எட்டாத செய்தி அந்த வீதியில் ஒரு மத்தியானத்தில் சுற்றி வந்துவிடும்.

அவள் பேச்சும் இதிலிருந்தே வரும். உரிமை, சுதந்திரம் என்ற சொல்லை அவள் வாயில் வைக்க வேண்டாம். காணி, முறை, பங்கு என்று அவள் பேசட்டும். இது அக்காளின் காணி, முறைப்படி அவள் தங்கைக்கு வர வேண்டும் என்று பத்தொன்பது வயதுப் பெண் கோயில் நிர்வாகம் பார்க்கிற ஸ்ரீகாரியத்தாரிடம் தலை நிமிராமல் சொல்லிவிட்டு நகராமல் நின்றால், அதில் இருக்கிற துணிச்சல் எந்த வாள் சண்டையிலும் இல்லை.

பேய் விஷயத்தில் ஒரே ஒரு வரி. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் பேயைப் பார்த்துப் பயந்து சார்ங்கலன் என்ற பையன் செத்துப்போகிறான். பெற்றவள் நள்ளிரவில் வந்து சம்பாபதியிடம் முறையிடுகிறாள். தெய்வம் சொல்கிற பதில், ‘அணங்கும் பேயும் ஆருயிர் உண்ணா’. பேய் உயிரை எடுக்காது. இதைவிடத் தெளிவான விதியை இந்த வகைக் கதைக்கு யாரும் சொன்னதில்லை. பேய் வரலாம், பேசலாம், பயமுறுத்தலாம், பொய்கூடச் சொல்லலாம். கொலை மட்டும் மனிதன் செய்தது. இந்த விதியை முதல் மூன்று அத்தியாயத்துக்குள் வாசகருக்குச் சொல்லிவிட்டு, கடைசி வரை மீறாமல் இருந்தால் யாரும் உங்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. அதே காப்பியத்தில் ஆள்மாறாட்டத்தில் நடக்கிற ஒரு கொலையும், செய்யாத குற்றத்துக்காகச் சிறைக்குப் போகிற பெண்ணும், நடந்ததையும் நடக்கப்போவதையும் சொல்கிற தூண் பாவையும் இருக்கின்றன. பெண்ணை நடுவில் வைத்து அமானுஷ்யமும் கொலையும் கலந்து எழுதுவது நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் வருத்தமாக இருக்கிறது.

கல்லெழுத்து பதில்:

பொருநைக்கரை சொன்ன விசாரணை முறை அருமை, ஆனால் கோடாங்கியை அப்படியே தூக்கி 1014இல் வைக்க எனக்குத் தயக்கம். இன்றைக்குத் தென்மாவட்டங்களில் பார்க்கிற சடங்கு, அதன் சொல், பாட்டு எல்லாம் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இப்படியே இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுவடிப்பெட்டி சொன்ன கட்டுவிச்சி, வேலன், அல்லது சிலப்பதிகாரத்தில் கொற்றவை ஏறி ஆடுகிற சாலினி, இவர்களை ஆதாரமாக வைத்து ஒரு கிழவியை உருவாக்கலாம். முறமும் நெல்லும் போதும். நெல்லுக்காகச் செத்தவளை நெல்லை வைத்தே விசாரிப்பது பொருத்தமாகவும் இருக்கும்.

பொருநைக்கரை பதில்:

ஒத்துக்கொள்கிறேன். உடுக்கையும் சாட்டையும் வேண்டாம், நான் சொன்னது கேட்கிற முறையை மட்டும்தான். ஆனால் கூட்டத்தில் நிற்கிற பெண்களை விட்டுவிடாதீர்கள் தென்சிறகு. பொய் என்று கண்டுபிடித்தது கோடாங்கி இல்லை, அவர்கள்தான். யார் யார் எப்போது செத்தார்கள் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது.

தென்சிறகு பதில்:

உங்கள் மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நாலு மாதமாக நான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அக்காளுக்கு என்ன தெரியும் என்றே யோசித்தேன், அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. காலையில் நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து மூன்றாம் நாள் ராத்திரியைத் திருப்பி எழுதினேன். முதல் எழுத்துதான், பார்த்துச் சொல்லுங்கள்:

“திண்ணையில் அவள் உட்கார்ந்திருந்தாள். உடுத்த துணி ஈரமாக இருந்தது, ஆனால் ஒரு சொட்டு நீர் கல்லில் இறங்கவில்லை. எப்போதும் போல வலது காலை மடித்து, இடது முழங்காலில் கையை ஊன்றி, ஆடி முடித்து வந்து உட்காருகிற அதே இருப்பு. வாசற்படியைத் தாண்டக் கால் வரவில்லை எனக்கு. ‘அக்கா’ என்றேன். திரும்பவில்லை. பூட்டிக் கிடக்கும் தன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘உன்னை யார் அக்கா தள்ளினது?’ என்றேன். அதற்கும் பதில் இல்லை. உள்ளே அகல் ஒருமுறை படபடத்து அடங்கியது. ரொம்ப நேரம் கழித்து, தொண்டையில் தண்ணீர் நின்ற குரலில் கேட்டாள். ‘இந்த மாதத்து நெல் அளந்துவிட்டார்களா?’”

நந்தியைப் பற்றிச் சொன்னதும் நல்லதாகப் போயிற்று, ஏழாம் அத்தியாயத்தில் அதன் பின்னால்தான் இரண்டு பேரை ஒளிய வைத்திருந்தேன். அந்தக் காட்சியை மேல்தளத்து வெற்றுக் கல்லுக்கு மாற்றப்போகிறேன். கோயிலைக் காக்கிற மெய்காவலருக்குத் தெரியாமல் அவள் எப்படி மேலே ஏறுவாள் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

சுவடிப்பெட்டி பதில்:

நெல்லைப் பற்றி அக்கா கேட்கிற அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இதுதான் உங்கள் கதை, தொடர்ந்து எழுதுங்கள். மேலே ஏறுவதற்கு ஒளிந்து போக வேண்டுமா என்ன? அங்கே வேலை செய்த கல்தச்சர் வீட்டுப் பெண் யாரையாவது அவளுக்குத் தோழியாக்கிப் பாருங்கள்.

கல்லெழுத்து பதில்:

ஒரே ஒரு திருத்தம். நூறு கலம் என்பது ஆண்டுக் கணக்கு. மாதத்துக்கு இவ்வளவு என்று பிரித்து அளந்ததாகக் கல்வெட்டில் இல்லை. ‘இந்த மாதத்து’ என்பதை எடுத்துவிடுங்கள். ‘நெல் அளந்துவிட்டார்களா?’ என்றாலே போதும்.

தென்சிறகு பதில்:

எடுத்துவிட்டேன். சத்தமாகப் படித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. அடுத்த அறையிலிருந்து தங்கை வந்து, யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். பேயை எடுத்துவிடு என்று சொன்னவள், அந்தத் தங்கைக்கு என்ன ஆகும் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள்.